அங்க தடை, இங்க ஏன் கடையில தொங்குது? வாக்கர்ல விழுந்த பையனோட அம்மாவுக்கு ஒரு வக்கீலோட பதில்

கடலூர் பக்கத்துலேருந்து ஒரு அம்மா நீளமா எழுதியிருக்காங்க. பேரு, தெரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதே கேள்வி இன்னும் நெறைய வீட்டுல இருக்கும்னு எனக்குத் தோணுது.

அவங்களுக்கு ஒம்பது மாசத்துல ஒரு பையன். மாமியார் புதுச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப அங்க ஒரு குழந்தைச் சாமான் கடையில வாக்கர் வாங்கிட்டு வந்திருக்காங்க, வட்டமா, நடுவுல சீட்டு, கீழ சக்கரம், முன்னாடி பாட்டு பாடுற தட்டு வச்சது, 1,850 ரூபா. கடைப்பையனே பிரிச்சு மாட்டிக் குடுத்துட்டான். பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டுச்சீட்டு, அதுல தொகையும் "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ங்கற சீலும் மட்டும்தான். பணத்த இங்கேருந்து வீட்டுக்காரர் ஜிபேல அனுப்பியிருக்கார். கூடவே, வாக்கர் வாங்குனா ஃப்ரீன்னு ஒரு பால் பாட்டில்.

பன்னண்டாவது நாள் காலையில மாமியார் ஹால்ல ஒக்காந்து முருங்கக்கீரை உருவிட்டு இருந்திருக்காங்க, இவங்க அடுப்படியில. தண்ணி கேன் எடுத்துட்டு வர்ற தம்பிக்காக வாசக்கதவு தொறந்து கெடக்கு. 2015 வெள்ளத்துக்கப்புறம் ஒசத்திக் கட்டுன வீடு, வாசல்ல நாலு படி, நிலைப்படியும் கெடையாது, ஹால் டைல்ஸ் அப்படியே வெளி வரைக்கும் ஒரே மட்டம். மாமியார் "டேய் டேய்"னு கத்திட்டு எழுந்திருக்கறதுக்குள்ள வாக்கரோட சேந்து பையன் கீழ போயிட்டான். நெத்தியில அஞ்சு தையல், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தாங்க, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, இப்ப நல்லா வெளையாடுறான். அது போதும், மொதல்ல அது போதும்.

கடைக்குப் போன் பண்ணா "பொருள் நல்ல பொருள்தான், நீங்க பாத்துக்கலன்னா நாங்க என்ன பண்றது"ன்னு வச்சுட்டாங்களாம். கனடாவுல இருக்குற நாத்தனார் வீடியோ கால்ல வாக்கரப் பாத்துட்டு "இத விக்கிறதே இங்க தடைம்மா, எங்கேருந்து புடிச்சீங்க"ன்னு கேட்டதுலேருந்து இவங்களுக்குத் தூக்கம் இல்ல. கேள்விங்க இதெல்லாம்: அங்க தடைன்னா இங்க விக்கிறதும் குத்தம்தானே, போலீஸ்ல குடுக்கலாமா? ஒழுங்கான பில்லு இல்ல, கடை வேற ஸ்டேட்டு, கேஸ் நிக்குமா? வீட்டுக்காரர் "நம்ம தப்பு, வெளிய சொல்லாத"ங்கறார், அவர் சொல்றது சரியா? கடை பேரப் போட்டு ஃபேஸ்புக்ல எழுதட்டுமா? வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட பேத்திக்கு அந்த வாக்கரத் தூக்கிக் குடுத்துடலாமா? அப்புறம் கடைசியா பின்குறிப்புல ஒரே ஒரு வரி, அந்த ஃப்ரீ பாட்டில்ல எந்த மார்க்கும் இல்ல, பரவாயில்லையா?

அம்மா, அந்தக் கடைசி வரியப் படிச்சுட்டு நான் நிமிந்து ஒக்காந்துட்டேன். அதுக்கு வர்றேன்.

மொதல்ல உங்க மாமியார்

இத மொதல்ல சொல்லலன்னா மத்தது எதுவும் உங்க காதுல ஏறாது. உங்க லெட்டர்ல நாலு எடத்துல "அவங்க பாத்திருக்கணும்"னு எழுதியிருக்கீங்க, ரெண்டு எடத்துல "நான் பாத்திருக்கணும்"னு. வாக்கர்ல ஒக்காந்த குழந்தை ஒரு செகண்டுல மூணு அடிக்கு மேல போகும். கீரையைக் கீழ வச்சுட்டு, முட்டியில கை ஊணி எழுந்திருக்குற ஒரு அறுபது வயசுக்காரங்களால அதப் புடிக்கவே முடியாது, இருபது வயசுக்காரங்களாலயும் முடியாது. அமெரிக்காவுல குழந்தை டாக்டர்கள் சங்கம் வருஷக்கணக்கா இதத்தான் சொல்லிட்டு இருக்கு, வாக்கர்ல அடிபடுற குழந்தைங்கள்ல பெரும்பாலும் பெரியவங்க யாராவது பாத்துட்டு இருக்கும்போதேதான் அடிபடுதுன்னு. அங்க 1990லேருந்து 2014 வரைக்கும் பதினஞ்சு மாசத்துக்குக் கீழ உள்ள 2,30,000 குழந்தைங்களுக்கு மேல வாக்கர் காயத்தோட எமர்ஜென்சிக்கு வந்திருக்காங்கன்னு ஒரு ஆய்வுக் கணக்கு, நூத்துல தொண்ணூறுக்கு தலையிலயோ கழுத்துலயோ அடி, நூத்துல எழுபத்தினாலு படியில உருண்டது. அத்தன வீட்லயும் பாட்டி கவனமில்லாம இருந்திருப்பாங்களா என்ன? என் மூத்த பையன நானும் இதே மாதிரி ஒண்ணுலதான் ஒக்கார வச்சேன், எங்க வீட்டுல படி இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

உங்க மாமியார் "எங்க காலத்துல நடைவண்டியில நடக்கலையா"ன்னு கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. நல்ல கேள்வி, அவங்க கிட்ட இப்படிச் சொல்லுங்க. நடைவண்டி மரத்துல மூணு சக்கரத்தோட இருக்கும், புள்ள பின்னாடி நின்னு தள்ளும், தன் காலுல தானே நிக்கணும், நிக்கத் தெரியாத புள்ளைக்கு அது நகரவே நகராது, விழுந்தாலும் அந்த உசரத்துல பொத்துன்னு ஒக்காந்துடும். இது அப்படி இல்ல, நிக்கக்கூட தெரியாத புள்ளைய நடுவுல தொங்கவிட்டு சக்கரம் கட்டி விடுறோம். நடை பழக்கறதுக்கு இது உதவாது, சில குழந்தைங்க நடக்கறது தள்ளிக்கூடப் போகும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. ரெண்டுக்கும் நம்ம வாயில பேரு ஒண்ணா போச்சு, அதான் குழப்பம்.

கனடாவுல தடைன்னா

உங்க நாத்தனார் சொன்னது நெசம். 2004 ஏப்ரல்ல கனடா வாக்கருக்கு முழுத் தடை போட்டுச்சு, ஒலகத்துலேயே மொத நாடு அதுதான். விக்கக் கூடாது, இறக்குமதி பண்ணக் கூடாது, விளம்பரம் போடக் கூடாது, பழசையும் விக்கக் கூடாது. அமெரிக்கா வேற வழியில போச்சு. தடை போடல, ஆனா படி ஓரத்துக்கு வந்தா கீழ உள்ள ரப்பர் தரையில உராஞ்சு வண்டி நின்னுடணும்னு சோதனை வச்சுது, 2010ல அத சட்டமா ஆக்குனாங்க, காயமும் அதுக்கப்புறம் கொறஞ்சிருக்கு. அதே அமெரிக்காவுல 2011ல பக்கவாட்டுக் கம்பி எறங்குற தொட்டில்கட்டிலுக்குத் தடை, 2022ல சாய்வா படுக்க வைக்கிற தூங்குற நாற்காலிக்கும் தொட்டிலச் சுத்திக் கட்டுற பஞ்சு மெத்தைக்கும் தடை. (வெளிநாட்டுச் சொந்தம் "பாப்பாவுக்கு இனி தேவையில்ல"ன்னு அனுப்புற பார்சல்ல இந்த நாற்காலியும் மெத்தையும் இருக்கும், வந்தா ஓரமா வச்சுடுங்க.)

இந்தியாவுல வாக்கருக்குன்னு தனியா தடை இல்ல. கனடா சட்டத்த வச்சு இங்க ஒரு கடைக்காரர் மேல குத்தம் சொல்ல முடியாது, அதனால "தடை செய்யப்பட்ட பொருள வித்தார்"னு போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்கன்னா சீட்டு வாங்கி வச்சுட்டு அனுப்பிடுவாங்க, உங்களுக்கு மனசு விட்டுப் போகும், அது வேணாம்.

ஆனா இங்கதான் நீங்க ஒரு தப்பான முடிவுக்குப் போறீங்க. தடை இல்லன்னா எனக்கு உரிமை இல்லன்னு நெனச்சு லெட்டர முடிச்சிருக்கீங்க. அப்படி இல்லம்மா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, அது 2020 ஜூலையில அமலுக்கு வந்துச்சு, "பொருள் பொறுப்பு"ன்னே ஒரு தனி அத்தியாயம் இருக்கு. ஒரு பொருள்ல கொறை இருந்து அதால ஒருத்தருக்கு அடிபட்டா தயாரிச்சவரும், சில சமயம் வித்தவரும் நஷ்டஈடு தரணும். அதுக்கு அந்தப் பொருள் தடைப் பட்டியல்ல இருக்கணும்னு எங்கயும் சொல்லல. ஊர் ஒலகத்துல தடை இருக்கா இல்லையாங்கறத விட்டுட்டு, உங்க வீட்டுல இருக்குற அந்த ஒரு வாக்கர் எப்படி இருக்குதுங்கறதப் பாப்போம்.

நீங்க அனுப்புன போட்டோவுல இருந்தது

மூணு போட்டோ அனுப்பியிருந்தீங்க, பையன் நெத்தி, அட்டைப்பெட்டி, கவுந்து கெடக்குற வாக்கர். அந்த மூணாவது போட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க. அடிவட்டத்துல சக்கரத்துக்கு நடுவுல நடுவுல சதுரமா குழி குழியா ஆறு இருக்கு. மூணுலதான் கருப்பு ரப்பர் இருக்கு, மூணு காலி. காலியா இருக்குற குழிக்குள்ள தூசியோ கீறலோ எதுவும் தெரியல, அதனால விழுந்தப்ப புடுங்கிட்டுப் போயிருக்கும்னு எனக்குத் தோணல, மாட்டாமயே விட்டிருக்கணும். அந்த ரப்பர்தான் படி ஓரத்துல வண்டிய நிறுத்த வேண்டியது. அட்டையிலயும் "படியில் நிற்கும் பாதுகாப்பு"ன்னு சின்னதா ஒரு படம் போட்டிருக்காங்க, நீங்க அத கவனிக்கவே இல்ல போல.

இப்ப அந்த 2019 சட்டத்தோட 86வது பிரிவப் பாருங்க. வித்தவர் எப்ப பொறுப்புன்னு அதுல இருக்கு. பொருள மாட்டிக் குடுக்கும்போதோ சரிபாக்கும்போதோ நியாயமான கவனம் எடுக்கலன்னா, அதால அடிபட்டா, கடைக்காரர் பொறுப்பு. உங்க கேஸ்ல மாட்டிக் குடுத்தது கடைப்பையன். தயாரிச்சவர் யாருன்னே தெரியலன்னாலும் கடைக்காரர் பொறுப்பு. உங்க அட்டையில ஒரு பிராண்டு பேரு, சிரிக்கிற குழந்தை, "6 மாதம் முதல்"னு ஒரு வரி, அவ்ளோதான், தயாரிச்சவங்க விலாசம் இல்ல, இறக்குமதி பண்ணவங்க விலாசம் இல்ல, எம்ஆர்பியும் இல்ல. பேக் பண்ண பொருள்ல இதெல்லாம் கட்டாயம் இருக்கணும்னு எடையளவுச் சட்டத்துல 2011லேருந்து விதி இருக்கு, அதுக்கே தனியா புதுச்சேரி எடையளவுத் துறையில ஒரு மனு குடுக்கலாம். எச்சரிக்கை வாசகம் ஒண்ணுகூட இல்லாததும், அதாவது படி இருக்குற எடத்துல விடாதீங்கன்னு ஒரு வரி போடாததும், தயாரிச்சவர் மேல ஒரு கொறைதான்.

முன்னாடி இருக்குற அந்தப் பாட்டுத் தட்டும் சும்மா விட வேண்டியதில்ல. பொம்மைங்களுக்கு 2021 ஜனவரி 1லேருந்து ஐஎஸ்ஐ மார்க் கட்டாயம், பதினாலு வயசுக்குக் கீழ உள்ள பசங்க வெளையாடறதுக்கு எதச் செஞ்சாலும் சரி. தட்டு தனியா கழண்டு வருதுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப அது பொம்மைதான்னு நாம வாதாடலாம். அதுல மார்க் இருக்கான்னு பாத்து எழுதி வையுங்க.

பின்குறிப்புல எழுதுன பாட்டில்

இப்ப அந்த பாட்டில். உங்க லெட்டர்லேயே சட்டம் நேரா தொடுற விஷயம் இதுதான், நீங்க அத கடைசியில ஒரு வரியா தள்ளிட்டீங்க.

வாக்கர் மாதிரி இல்ல, பால் பாட்டிலுக்கு நம்ம நாட்டுலயே ரொம்ப காலமா கடுமையான சட்டம் இருக்கு. 1992ல வந்த தாய்ப்பால் மாற்று, பால் பாட்டில், குழந்தை உணவு ஒழுங்குமுறைச் சட்டம். அதுப்படி பெட்டி மேல ஐஎஸ்ஐ மார்க் இல்லாம ஒரு பால் பாட்டில விக்கவும் கூடாது, வேற எந்த வழியிலயும் குடுக்கவும் கூடாது. பால் பாட்டிலுக்கு விளம்பரம் பண்ணக் கூடாது, சாம்பிளா தூக்கிக் குடுக்கக் கூடாது, ஆசை காட்டி புழக்கத்துல விடக் கூடாது. "வாக்கர் வாங்குனா பாட்டில் ஃப்ரீ"ங்கறது இந்தச் சட்டத்த ரெண்டு பக்கத்துலேருந்தும் மீறுற மாதிரிதான் எனக்குப் படுது. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அஞ்சாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு தண்டனை இருக்கு. ஏன் இவ்ளோ கடுமைன்னா, பாட்டில் வந்தா தாய்ப்பால் நின்னுடுது, சரியா கொதிக்க வைக்காத பாட்டில்ல வயித்துப்போக்கு வந்து குழந்தைங்க செத்த காலம் ஒண்ணு இருந்துச்சு, இன்னும் முழுசா போகல.

ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க, இந்தச் சட்டத்துல நீங்க நேரா கோர்ட்டுக்குப் போய் வழக்கு போட முடியாது, அரசாங்கம் அதிகாரம் குடுத்த அதிகாரியோ அமைப்போதான் போடணும். நீங்க பண்ண வேண்டியது எழுத்துல மனு, புதுச்சேரி உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒண்ணு, கூட ஐஎஸ்ஐ மார்க் குடுக்குற பிஐஎஸ் அமைப்போட பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு அதுல ஒண்ணு. அந்த ஆப்ல மார்க்குக்குக் கீழ உள்ள சிஎம்/எல் நம்பரப் போட்டா அது நெசமான லைசென்ஸா போலியான்னும் தெரிஞ்சிடும், இனிமே குழந்தைச் சாமான் எது வாங்குனாலும் கடையிலேயே நின்னு அத ஒருதடவ பண்ணிடுங்க.

அந்த பாட்டில்ல பால் குடுக்கறத இன்னைக்கே நிறுத்திடுங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு கெட்டியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அடியில முக்கோணத்துக்குள்ள 7னு இருக்காம். அது பாலிகார்பனேட்டா இருக்க வாய்ப்பு இருக்கு, அந்த பிளாஸ்டிக்லதான் பிபிஏங்கற ரசாயனம் வரும், சூடா பால் ஊத்த ஊத்த அது கொஞ்சம் கொஞ்சமா பாலுல கலக்கும். ஐரோப்பாவுல 2011லேயே பால் பாட்டில்ல அதத் தடை பண்ணிட்டாங்க, நம்ம ஐஎஸ்ஐ தரத்துலயும் 2015லேருந்து கூடாதுன்னு ஆயிடுச்சு. நான் டாக்டர் இல்ல, பையனுக்கு எதுல குடுக்கறதுன்னு உங்க டாக்டரக் கேட்டுக்கோங்க, ஆனா பாலாடையும் சின்ன டம்ளரும் நம்ம வீட்டுல எப்பவும் இருக்குற சாமான்தான், டாக்டருங்களும் பாட்டிலுக்கு அதத்தான் மேல்னு சொல்றாங்க. பாட்டில தூக்கிப் போட்டுடாதீங்க, கவர்ல போட்டு பத்திரமா வையுங்க, அது சாட்சி.

பில்லு, ஊரு, செலவு

இதுல நீங்க பயப்படுற மூணுமே பயப்பட வேண்டாத விஷயம், அதனால சீக்கிரமா சொல்லிடறேன்.

பில்லு குடுக்காததே சட்டத்துல ஒரு தப்பு, முறையற்ற வணிகம்னு பேரு, உங்க தப்பு இல்ல அது. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டு, அந்தத் துண்டுச்சீட்டு, கடைக்குப் பண்ண போன் கால் பட்டியல், கல்யாணத்துக்குப் போன அன்னைக்குத் தேதி இதெல்லாம் சேந்தா போதும். வாங்குனது மாமியார், பணம் போட்டது வீட்டுக்காரர், அடிபட்டது பையன், இதுல யாரு நுகர்வோர்னு கேட்டீங்க. வாங்குனவர் சம்மதத்தோட பொருளப் பயன்படுத்துறவரும் நுகர்வோர்தான், அவர் மைனரா இருந்தா அம்மா அப்பா அவருக்காகக் கேஸ் போடலாம். ஒம்பது மாசப் பையன் பேருலயே போடலாம், அவனுக்காக நீங்க.

கடை புதுச்சேரியில இருக்குன்னு நீங்க தேதிக்கு தேதி அங்க பஸ் ஏற வேண்டாம். பழைய சட்டத்துல எதிராளி இருக்குற ஊரையோ வாங்குன எடத்தையோ தேடிப் போகணும், 2019 சட்டத்துல நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம்னு மாத்திட்டாங்க. கடலூர்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, கடைக்காரர்தான் கெளம்பி வரணும். பொருளுக்குக் குடுத்த பணம் அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கெடையாது. வக்கீல் வைக்கணும்னும் கட்டாயம் இல்ல, நானே வக்கீலா இருந்து சொல்றேன், நீங்களே நின்னு பேசலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயும் போடலாம்.

அவங்க என்ன சொல்வாங்க

நல்லதையே சொல்லிட்டு இருந்தா அது ஆலோசனை இல்ல. கடைக்காரர் தரப்புல ஒரு வக்கீல் வந்தா ரெண்டு விஷயம் கட்டாயம் சொல்வார். ஒண்ணு, படியில உருண்டா அடிபடும்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச ஆபத்து, அதுக்கு எச்சரிக்கை வேண்டியதில்லன்னு. இது வெறும் பேச்சு இல்ல, 2019 சட்டத்தோட 87வது பிரிவுல அப்படி ஒரு விலக்கு இருக்கு. உங்க கேஸ் "எச்சரிக்கை போடல"ங்கறதுல மட்டும் நின்னா ஆட்டம் கண்டுடும். அதனாலதான் நான் அந்த மூணு ரப்பர் குழியில இவ்ளோ நிக்கிறேன். படி ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வண்டிய நிறுத்துற ரப்பர்ல பாதி இல்லாம கடையிலேருந்து வந்திருக்குன்னு எந்த அம்மாவுக்குத் தெரியும்?

ரெண்டாவது, ரப்பர் வீட்டுக்கு வந்தப்புறம் போச்சு, இவங்களே கழட்டிட்டாங்கன்னு சொல்வார். அதனால வாக்கரக் கழுவாதீங்க, தொடைக்காதீங்க, பையனோட பழைய துணி மேல கவுத்து வச்சு, வெளிச்சத்துல, ஒரு ஸ்கேல பக்கத்துல வச்சு, ஒவ்வொரு குழியையும் கிட்டத்துல போட்டோ எடுங்க, வீடியோவும் ஒண்ணு. வாங்குன அன்னைக்கோ அதுக்கு அடுத்த நாளோ பையன வாக்கர்ல வச்சு நாத்தனாருக்கு அனுப்புன போட்டோ ஏதாவது இருக்கும், எல்லா வீட்லயும் எடுப்போம், அதுல அடிப்பக்கம் தெரியுதான்னு தேடுங்க. தெரிஞ்சா அதுக்கு மேல சாட்சி வேண்டாம். ஆணையம் கேட்டா லேபுக்கும் அனுப்பும்.

காலக் கணக்கு, லேப் சோதனை இல்லன்னா மூணு மாசம், இருந்தா அஞ்சு மாசம்னு சட்டத்துல போட்டிருக்கு. நடைமுறையில அதத் தாண்டும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க. லட்சக்கணக்குல வரும்னும் எதிர்பார்க்காதீங்க. ஆஸ்பத்திரி செலவு, பொருளோட விலை, அவன் பட்ட வலிக்கு ஒரு தொகை, உங்க அலைச்சலுக்கு ஒரு தொகை, இவ்ளோ கேக்கறது நியாயம். நடுவுல சமரசத்துக்குக் கூப்பிட்டா போங்க, கௌரவக் கொறச்சல் இல்ல. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு வையுங்க. சம்மரியில "விளையாடும்போது விழுந்தது"ன்னு மட்டும் இருந்தா, வாக்கர்ல படியிலேருந்து விழுந்ததுன்னு அன்னைக்கே டாக்டர் கிட்ட சொன்னீங்களா, சொல்லியிருந்தா அத எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, சொல்லாம இருந்தா அதையும் ஒளிக்காம மனுவுல எழுதிடுங்க.

உங்க வீட்டுக்காரர் "வெளிய சொல்லாத"ங்கறாரே, அவருக்கும் ஒரு வார்த்த. அவர் பயப்படுறது ஊரு பேசுங்கறதுக்கு, அது எனக்குப் புரியுது. ஆனா அதே கடையில அதே வாக்கர் இன்னைக்கும் தொங்கிட்டு இருக்கும், அதே கடைப்பையன் அதே மாதிரிதான் மாட்டிக் குடுப்பான். தனிக் கேஸுக்கு உங்களுக்கு மனசு இல்லன்னாகூட, 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் பண்ணி தமிழ்லயே புகார் பதியலாம். புதுச்சேரி கலெக்டருக்கு எழுத்துல குடுக்கலாம், நெறைய பேரப் பாதிக்கிற விஷயம்னா கலெக்டரே விசாரிச்சு டெல்லியில உள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப சட்டத்துல எடம் இருக்கு. அந்த ஆணையத்துக்குத்தான் ஆபத்தான பொருள சந்தையிலேருந்து திரும்ப எடுக்கச் சொல்ற அதிகாரம். ஐஎஸ்ஐ இல்லாத பிரஷர் குக்கரயும் பொம்மையையும் வித்ததுக்கு பெரிய பெரிய ஆன்லைன் கடைங்க மேலயே அவங்க நடவடிக்கை எடுத்திருக்காங்க. வாக்கருக்கு இன்னைக்கு இங்க தடை இல்ல, நாளைக்கு ஒண்ணு வரணும்னா இப்படி ஒவ்வொரு வீட்லேருந்தும் எழுத்துல போனாத்தான் வரும், "கவனக்குறைவு"ன்னு நாமளே மூடி வச்சுட்டா அரசாங்கத்துக்கு அடிபட்ட கணக்கே போகாது.

ஃபேஸ்புக், அப்புறம் அந்த அக்காவோட பேத்தி

கடை பேரப் போட்டு இப்ப எழுதாதீங்க. நீங்க எழுதறது உண்மையாவே இருந்தாலும் அவதூறுன்னு அவங்க ஒரு நோட்டீஸ் விட்டா, உங்க தெம்பு எல்லாம் அதுக்குப் பதில் சொல்றதுலேயே போயிடும். கடை பேரு இல்லாம, வாக்கர்ல என்ன ஆச்சுன்னு மட்டும் எழுதுங்க, அந்த ஆறு குழி போட்டோவ போடுங்க, படிக்கிற அம்மாமாருங்க வீட்டு வாக்கரத் திருப்பிப் போட்டுப் பாப்பாங்க.

வேலைக்கு வர்ற அக்காவோட பேத்திக்குக் குடுக்கறது வேணாம். "அவங்க வீட்டுல படி இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. படி இல்லாத வீட்டுல அடுப்பு தரையில இருக்கும், தண்ணி வாளி எட்டுற உசரத்துல இருக்கும், வாக்கர்ல ஒக்காந்த புள்ளைக்குக் கையும் எட்டும் வேகமும் வரும். நல்ல மனசுலதான் கேட்டீங்க, தெரியும். அந்தப் பாப்பாவுக்கு ஏதாவது செய்யணும்னு இருந்தா ஒரு நல்ல கோரைப்பாய் வாங்கிக் குடுங்க, தரையில தவழ்ந்து வெளையாடட்டும்.

இன்னும் ஒம்பது நாள்

இதுதான் அவசரம். பில்லுல கெடு எதுவும் போடலன்னா, கொறை உள்ள பொருள முப்பது நாளுக்குள்ள திருப்பி எடுத்துக்கிட்டு பணத்தக் குடுக்க மறுக்கறதும் முறையற்ற வணிகம்தான், "விற்ற பொருள் வாபஸ் இல்லை"ங்கற சீலு அத மாத்திடாது. நீங்க சொன்ன தேதிய வச்சுப் பாத்தா வாங்கி இருபத்தியோரு நாள் ஆச்சு. போன்ல கேட்டது கணக்குல நிக்காது, எழுத்துல கேக்கணும்.

ஒரு வெள்ளத்தாள்ல தமிழ்லயே எழுதுங்க. எந்தத் தேதியில எந்தப் பொருள் எவ்ளோ குடுத்து வாங்குனோம், கடையிலேயே மாட்டிக் குடுத்தாங்க, ஆறு ரப்பர்ல மூணு இல்ல, அதால எந்தத் தேதியில என்ன ஆச்சு, விலையும் மருத்துவச் செலவும் பதினஞ்சு நாளுக்குள்ள வேணும், கூடக் குடுத்த பாட்டில்ல ஐஎஸ்ஐ இல்ல. அவ்ளோதான், திட்டாதீங்க, சாபம் விடாதீங்க, ஒரு பக்கத்துக்கு மேல போகாதீங்க. மாமியாரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு, போட்டோ பிரதி வச்சு, ஸ்பீட் போஸ்ட்ல அக்னாலெட்ஜ்மெண்ட் போட்டு அனுப்புங்க, ரசீத அந்த ஃபைல்லயே குத்தி வையுங்க. பொருள இப்ப திருப்பிக் குடுத்துடாதீங்க, "பொருள் எங்களிடம் பத்திரமாக உள்ளது, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்"னு மட்டும் லெட்டர்ல ஒரு வரி சேத்துடுங்க.

லெட்டர் போய்ச் சேந்த ரெண்டு நாள்ல கடைக்காரர் கிட்டேருந்து போன் வரும், குரல் மாறியிருக்கும். "அம்மா கோச்சுக்காதீங்க, புதுசா ஒண்ணு மாத்தித் தர்றேன், இதவிட நல்ல மாடல்"னு சொல்வார். இன்னொரு வாக்கர வாங்கி வீட்டுக்குள்ள விட்டுடாதீங்கம்மா. பணமா குடுங்க, எழுத்துல குடுங்கன்னு சொல்லிட்டு போன வச்சுடுங்க. அவர் என்ன பதில் எழுதறார்னு பாத்துட்டு எனக்கு மறுபடி எழுதுங்க, அப்ப மனு எப்படித் தயார் பண்றதுன்னு பாப்போம்.